அரை மில்லிமீட்டர்



எங்கள் பட்டறையில் ஓடும் எந்திரம் கதவு வேலைக்காக வாங்கப்பட்டது. எட்டுக்கு நான்கு அடிப் படுகை, அதன் மேல் கணினி சொல்லும் வழியில் மரத்தைக் கொத்திக்கொண்டு நகரும் வெட்டுமுனை. நிலைக்கதவின் பூவேலை, பூஜையறைக் கதவு, கல்யாண மண்டபத்து ஜாலி, இரண்டு முறை பள்ளிவாசல் மிம்பரின் வளைவு வேலை என்று பல ஆண்டுகள் அதிலேயே எங்கள் பிழைப்பு நடந்தது. மரம் செங்கோட்டையிலிருந்து வரும். அத்தா உளியால் பத்து நாளில் செய்த வேலையை இந்த எந்திரம் ஒரு நாளில் செய்துவிடும். அத்தாவுக்கு அதில் பெருமையும் உண்டு, சிறு வருத்தமும் உண்டு.

சென்ற ஆண்டு இரண்டு மாதம் தொடர்ந்து வேலை வரவில்லை. கட்டடம் எழுப்புகிறவர்கள் ஆயத்தக் கதவுக்கு மாறிவிட்டார்கள். நான்கு தொழிலாளிகளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார். மின்கிட்டார்களைக் கோத்து, வண்ணம் பூசி விற்பவர். இருபது கிட்டார்களுக்கு உடலும் கழுத்தும் மரத்தில் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். எங்களில் இளையவன் முடியும் என்று அப்போதே சொல்லிவிட்டான்.

அத்தா கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. “நரம்பு கட்டுற சாமானாடா இது?” என்றார்.

இதைப் படிக்கும் உங்களுள் பலருக்கும் அதே கேள்வி எழும் என்பதை அறிவோம். ஜும்ஆ முடிந்து ஹஜ்ரத்திடம் போனோம். அவர் நேராக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் செவியின்பத்துக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, இசையில் பலவற்றுக்கு இடம் தந்தாலும் குடிகாரர் கூட்டத்தோடு சேர்ந்துவிட்ட நரம்புக் கருவிகளை விலக்கியதையும், அந்துலூஸின் இப்னு ஹஸ்ம் தடைக்குக் காட்டப்படும் அறிவிப்புகள் பலமானவை அல்ல என்று வாதிட்டதையும் எடுத்துச் சொன்னார். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கவில்லை. மனம் உறுத்தினால் விட்டுவிடுங்கள் என்றார். அத்தா மூன்று நாள் யோசித்தார். கூலிக் கணக்கையும் பார்த்தார். பிறகு, இந்த ஒரு வேலை மட்டும் என்றார். பெரியத்தா சம்மதிக்கவில்லை, அந்த மாதம் முழுவதும் பட்டறைப் பக்கம் வரவில்லை. இன்றும் அவர் கருத்து அதுதான். அவர் சொல்வதைத் தவறு என்று நாங்கள் எழுதப் போவதில்லை.

வேலையில் இறங்கிய பிறகுதான் கதவுக்கும் கிட்டாருக்கும் உள்ள தூரம் புரிந்தது. கதவில் ஒரு இதழ் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் உலகில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கிட்டாரில் எல்லாம் கணக்கு. தந்தியின் நீளம் 647.7 மில்லிமீட்டர். அதை 17.817 ஆல் வகுத்தால் முதல் கட்டைக் கம்பி உட்காரும் இடம் கிடைக்கும்: மேல்முனையிலிருந்து 36.35 மில்லிமீட்டர். மிச்ச நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுக்க வேண்டும். இப்படி 22 முறை. பன்னிரண்டாவது கம்பி சரியாகப் பாதி நீளத்தில் வந்து விழும். விழாவிட்டால் எங்கோ பிழை. இந்தக் கணக்கின் மூதாதையர் நமக்கு அந்நியர் அல்லர். ஊது என்னும் கருவியின் கழுத்தில் விரல் வைக்கும் இடங்களை ஃபாராபி தம் பெரும் இசை நூலில் விகிதங்களாக ஆராய்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவர்களின் கணக்கு எங்கள் ஊர்ப் பட்டறைக் கணினித் திரையில் வந்து நின்றதில் எங்களுக்கு ஒரு கூச்சமும் மகிழ்ச்சியும் இருந்தன.

அந்தக் கம்பிகளுக்கான பள்ளம் 0.6 மில்லிமீட்டர் அகலம். முனையும் அதே அளவு, ஊசி போல. ஒரே மூச்சில் ஆழம் கொடுத்தால் முறிந்துவிடும். முதல் நாளிலேயே மூன்று முனைகளை முறித்தோம். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 0.3 மில்லிமீட்டர் ஆழம் என்று இறக்கினோம். விரல்பலகை தோதகத்தி மரம். 2017 தொடங்கி அந்த மரத்தாலான வாத்தியங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோக சைட்டிஸ் காகிதங்கள் கேட்டார்கள்; 2019 இறுதியில் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். எங்கள் வாடிக்கையாளர் அதையெல்லாம் எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார். கழுத்தை முதலில் மூன்று மில்லிமீட்டர் மிகையாக வெட்டி ஒரு வாரம் சும்மா வைக்கச் சொன்னவரும் அவரே. உள்ளிருந்த இறுக்கம் விட்டதும் மரம் சற்று வளையும். வளைந்து முடித்த பிறகுதான் இறுதி அளவுக்கு வெட்ட வேண்டும்.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல கதவுப் பட்டறைகளைப் போல நாங்களும் ஆர்ட்கேம் மென்பொருளின் பூட்டுடைத்த படியையே ஆண்டுக் கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தோம். 2018இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள் என்றபோது, விற்காத பொருளைத் திருட முடியாது என்று எங்களுக்கு நாங்களே ஒரு ஃபத்வா கொடுத்துக்கொண்டோம். கிட்டார் ஹலாலா என்று ஹஜ்ரத்திடம் போன நாங்கள் இதை அவரிடம் கேட்கவே இல்லை. அதன் வழிவந்த மென்பொருளைப் பணம் கட்டி எடுத்தது இந்த வேலை முடிந்த பிறகுதான்.

உடல்கள் 45 மில்லிமீட்டர் தடிமனான மஹோகனி. கழுத்தின் அடி வந்து அமரும் குழி 56 மில்லிமீட்டர் அகலம், 16 ஆழம். அதில் கழுத்து கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். தலைகீழாகத் தூக்கினால் விழக்கூடாது. முதல் பதின்மூன்று உடல்கள் அப்படியே அமைந்தன. இறுதி ஏழையும் ஒரே படுகையில் அடுக்கினோம். காலையில் பாலத்துக்கான துளைகளைப் போட்டாயிற்று. பிற்பகலில் குழிகளின் முதல் வெட்டு, சுவரில் 0.3 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, முடிந்தது. இறுதி வெட்டுக்கு முன் மின்சாரம் போய்விட்டது.

மின்சாரம் திரும்பினால் எந்திரம் தன் மூலைப் பொத்தானைத் தொட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் எந்திரத்தில் அந்தப் பொத்தான் பழுதாகி மாதங்கள் ஆகியிருந்தன. கதவுக்குக் கண்ணளவே போதும் என்று விட்டிருந்தோம். மஃரிபுக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில், பென்சில் கோட்டைப் பார்த்துக் கண்ணளவிலேயே தொடக்கப் புள்ளியை வைத்து ஓட்டிவிட்டோம். புள்ளி 0.8 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. ஒரு பக்கச் சுவர் அவ்வளவு தூரம் கூடுதலாக அறுபட்டது. மறுபக்கச் சுவரை முனை தொடவே இல்லை. முதல் வெட்டு விட்டுவைத்த 0.3 அங்கேயே நின்றது. ஏழு குழிகளும் அரை மில்லிமீட்டர் அகலம், மையமும் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல். கழுத்து குழிக்குள் ஆடியது.

தச்சனுக்கு இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. அரை மில்லிமீட்டர் வெனீர்த் தகட்டை ஒட்டி, மரத்தூளும் பசையும் பூசித் தேய்த்தால் இடைவெளி இருந்த இடம் தெரியாது. மேலே வண்ணம் வந்துவிடும். மையம் அப்போதும் விலகியே இருக்கும். ஓரத்துத் தந்தி கழுத்தின் விளிம்பை ஒட்டி ஓடும். வாசிப்பவனின் விரலில் அது என்றாவது வழுக்கும். ஆனால் குற்றம் எங்கள் பட்டறையில் பிறந்தது என்று அன்று யார் சொல்ல முடியும்? உண்மையில் ஒரு உடலுக்கு வெனீர் ஒட்டியும் பார்த்தோம். மிக அழகாக வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கை விட்டபோது விரலில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை மதரஸாவில் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? நாங்களும் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். கேட்டும் அந்த இரவு ஒட்டினோம்.

காலையில் அத்தா அந்த உடலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உளி பிடித்த கண். ஒட்டு வேலை தெரிந்துவிட்டது. கோபிப்பார் என்று நின்றோம். “கிட்டாரு செய்யலாமா கூடாதாங்கறதுல ஆலிம்களுக்குள்ள ரெண்டு பேச்சு இருக்கு. இதுல ஒரே பேச்சுதான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பெங்களூருக்குப் பேசியவர் எங்களில் மூத்தவர். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. அளவுகோல் வைத்துப் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். ஏழும் வேண்டாம், புதிதாக வெட்டித் தாருங்கள், மரச் செலவு உங்களுடையது என்றார். நேர்மையைப் பாராட்டி ஒரு சொல் வரும் என்று எங்களுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது போலும், வரவில்லை. தாமதத்துக்கென்று கொஞ்சம் தொகையையும் பிடித்துக்கொண்டார். அது அவர் உரிமை. கூலி கொடுத்தது போக எங்களுக்கென்று ஏதும் மிஞ்சவில்லை. அதன்பின் அவரும் அழைக்கவில்லை, நாங்களும் அழைக்கவில்லை.

மூலைப் பொத்தானை மாற்றியாயிற்று. பெரியத்தா மறுபடியும் மாலையில் வந்து உட்காருகிறார்; அண்ணாந்து பரணை மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஏழு உடல்களும் அங்கேதான் கிடக்கின்றன. சென்ற வாரம் பேத்திக்கு ஓதுவதற்கு ரெஹால் வேண்டும் என்று அத்தா ஒன்றைக் கீழே இறக்கி, குழி இல்லாத இடமாகப் பார்த்து முழக்கோல் வைத்து அளந்தார். போதவில்லை. திரும்பவும் மேலே ஏற்றிவிட்டு, செங்கோட்டையிலிருந்து வந்த பலாப் பலகையில் ஒன்றை எடுத்து, எந்திரத்தை நிறுத்தச் சொல்லி, உளியைத் தீட்டத் தொடங்கினார்.