பி.டி. பீரியடை நான் ஏன் கடன் கேட்டதில்லை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசியுங்கள்.

போன மாதம், 1994இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் என்று சொல்கிறேனே தவிர, ஒருவனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அவன்தான் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், பரீட்சை நெருங்கினா மத்த டீச்சர், சார் எல்லாரும் பி.டி. பீரியடை வாங்கிப் பாடம் நடத்துவாங்க. நீங்க கணக்கு டீச்சர், ஆனா ஒரு நாள்கூட வாங்கினதில்லையே, ஏன் டீச்சர்?"

"எனக்கும் ஒரு மணி நேரம் ரெஸ்ட் வேணும்லடா" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. உண்மையான பதிலை இப்போது எழுதுகிறேன். எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டேன். "எழுது, ஆனா பேர் போடாத" என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர்களுக்குப் பேர் தேவையில்லை, மாணவர்களுக்கு அண்ணன் என்றால் போதும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986இல்தான். வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஊர்க்காரர்களான எங்களுக்கு மூன்று உண்டு: கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. கடலைமிட்டாய் எப்போதாவது கிடைக்கும். தீப்பெட்டி தினமும் கையில் ஒட்டும். ஹாக்கி அண்ணனுக்கு.

அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அம்மாவும் நானும் வீட்டில் பெட்டி ஒட்டுவோம். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. அந்த வாடை எத்தனை தடவை கை கழுவினாலும் போகாது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144 என்பதை நான் வாய்ப்பாட்டில் படிப்பதற்கு முன்பே விரலால் படித்துவிட்டேன். பிற்பாடு உங்களுக்குப் பெருக்கல் சொல்லித்தரும்போது தீப்பெட்டியை அடுக்கிக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அது அம்மாவின் முற்றத்தில் படித்த பாடம்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ரைட் அவுட் ஆடுவார். அன்றைக்கு மண் தரைதான். மழை பெய்தால் கரிசல் மண் காலோடு வரும், வெயில் அடித்தால் வெடிப்பு விடும். அந்தத் தரையில் பந்து எங்கே குதிக்கும், எங்கே திரும்பும் என்று அண்ணனுக்குத் தெரியும் என்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முட்டு வரைக்கும் புழுதியோடு உட்கார்ந்து, அம்மா தரும் கம்பஞ்சோற்றையும் காணத்துவையலையும் வழித்துச் சாப்பிடுவார். தட்டில் எனக்குக் காணத்துவையல் மிச்சம் இருக்காது. அதற்கே எங்களுக்குள் தினம் ஒரு சண்டை.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அஜித்பால் சிங் கேப்டன். பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்தோம். வெற்றி கோலை அடித்தவர் தியான்சந்தின் மகன் அசோக் குமார். டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். அண்ணன் தெருவில் ஓடி வந்து, "அம்மா, ஜெயிச்சிட்டோம்" என்று கத்தினார். அம்மா பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டே, "நல்லது, ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வா" என்றாள்.

அடுத்த வருஷம், 1976, நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானேன். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷப் படிப்பு. பணம் கட்ட வேண்டும், விடுதிக்கு முன்பணம் தர வேண்டும், டிரங்குப் பெட்டி, இரண்டு சேலை வாங்க வேண்டும். வீட்டில் இருந்தது அப்பா சீட்டுப் பிடித்துச் சேர்த்த நூற்றைம்பது ரூபாய்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் பேருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கவர் வந்தது. தபால்காரர் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். என் படிப்புக்கு ஏதாவது வில்லங்கமோ என்ற பயத்தில் கவரை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பெரிய நிறுவனத்தின் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம், தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எடுத்துவிட்டால் வேலையும் உண்டு. ரயில் சார்ஜ், பத்து நாள் தங்க, சாப்பிட, நல்ல ஷூ, புது மட்டை, எல்லாம் நம் செலவு. நான் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். இரண்டு பேருக்கும் பணம் வராது.

கவரை ஒட்டி, அண்ணன் வந்ததும் கையில் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம், "முட்டு பிசகிருச்சுப்பா. இனிமே ஆட முடியாது போல. ஆபீஸ்ல எனக்கும் ஒரு வேலை கேளுங்க" என்றார். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் போட்டு நீவு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் விடியற்காலை தெருக்குழாயிலிருந்து அண்ணன் கைக்கு ஒரு குடமாக இரண்டு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு ஐந்து படி. ஐந்து படியையும் இரண்டு எட்டில் ஏறினார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "தண்ணி போதுமா பாப்பா?" என்று கேட்டார். "போதும்ணே" என்றேன்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். "அண்ணனுக்குக் கடுதாசி வந்திருக்குப்பா" என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு 17 வயது. எல்லாம் தெரியும். எனக்கு டீச்சராக வேண்டும். அதனால் சொல்லவில்லை.

என்னைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விட அண்ணன்தான் வந்தார். அப்போது மீட்டர் கேஜ். அம்மா புளிச்சோறு கட்டித் தந்திருந்தாள். கடம்பூரில் வண்டி நின்றதும் இறங்கிப் போளி வாங்கி வந்தார். கடம்பூர் போளி எங்கள் பக்கம் பேர்போனது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார். "வேண்டாம்னா கொடு" என்று என் போளியையும் சேர்த்துச் சாப்பிட்டார். மணியாச்சி தாண்டும்போது ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் அவருடைய முட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதே வருஷம் ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக். ஒலிம்பிக் ஹாக்கியை முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடத்தினார்கள். இந்தியா ஏழாம் இடம். விடுதியிலிருந்து லீவுக்கு வந்தபோது அண்ணன், "மண்ணுல ஆடினவனுக்கு அதுல கால் நிக்காது பாப்பா" என்றார். அதற்குள் அவர் தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அண்ணனுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். கடன் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன் போல. 1980இல் மாஸ்கோவில் நம்ம சென்னைக்காரர் பாஸ்கரன் கேப்டனாக இருந்து, ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியதை அதில்தான் கேட்டோம். அதன்பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்கு ஒரு பதக்கம் கிடைக்க 41 வருஷம் ஆனது. 2021இல் டோக்கியோ. ஜெர்மனியோடு 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று ஜெயித்தோமே, அந்தக் காலையில் அண்ணன் போன் பண்ணினார். பேசவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை.

இந்த வருஷம் கோடையில் நான் திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குப் போனேன். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியைச் சேர்ந்து பார்ப்போம் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணிக்குச் சிரிப்பு. "ரெண்டு கிழடும் சேர்ந்து எங்க கிளம்பிட்டீக?" என்றாள். ஆனாலும் புளிச்சோறும் காணத்துவையலும் கட்டிக் கொடுத்தாள். வரும் வழியில் நான் கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தேன். அண்ணனுக்குச் சர்க்கரை. பாதி மட்டும் என்று கண்டிஷன்.

கிருஷ்ணா நகர் மைதானத்தில் இப்போது செயற்கைப் புல்தரை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் தரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். பந்து வழுக்கிப் போகவும், விழுந்தால் தோல் உரியாமல் இருக்கவும் அப்படிச் செய்வார்கள் என்று அண்ணன் விளக்கம் சொன்னார். சொல்லிவிட்டு, "நாம குடத்தத் தூக்கிட்டு அலைஞ்ச ஊருல, தரைக்குத் தண்ணி அடிக்கான் பாரு" என்று சிரித்தார். நம்மூர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி, ஜகார்த்தாவிலிருந்து வெண்கலத்தோடு வந்ததை, தன் பேரன் சாதித்த மாதிரி பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொன்னார்.

குடம் என்றதும் எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அண்ணே, எழுபத்தாறுல ஒனக்கு முட்டு வலியே கிடையாதுல்ல?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெனால்டி கார்னர் கொடுத்திருந்தார்கள். அது முடியட்டும் என்று பார்த்தார். கோல் விழவில்லை. அப்புறம், "கிடையாது" என்றார்.

"எனக்கு அப்பவே தெரியும்ணே. கடுதாசிய நான் வாசிச்சேன்."

"எனக்கும் தெரியும்" என்றார். "கவர்ல தீப்பெட்டிப் பசை வாடை அடிச்சதே. மெட்ராஸ்காரனா மயில்துத்தம் போட்டு ஒட்டுவான்?"

நான் 49 வருஷம் ஒளித்துவைத்தது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவர் பொய்யை நான் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன், என் பொய்யை அவர் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள். அண்ணன் கூச்சப்பட்டு, "ஏ, கண்ணத் தொட. போனாலும் என்னைய எடுத்திருப்பானோ என்னமோ. ஒனக்குச் சீட்டு கிடைச்சது நிச்சயம்லா. நிச்சயமானதுக்குத்தான் செலவழிக்கணும்" என்றார்.

"வருத்தமே இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அது எப்படி இல்லாம இருக்கும்?" என்றார். பிறகு மிச்சம் இருந்த பாதிப் போளியையும் எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

இதுதான் பிள்ளைகளே, பி.டி. பீரியடை நான் கடன் கேட்காததற்குக் காரணம். மணி அடித்ததும் நீங்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுவீர்கள். உங்களில் யாருடைய காலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் கணக்குப் பாடத்துக்காக ஏற்கெனவே ஒருவருடைய விளையாட்டை எடுத்துக்கொண்டவள் நான். இன்னொருவருடைய முக்கால் மணி நேரத்தை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்களில் பலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், அக்காவோ அண்ணனோ தம்பியோ, ஒதுங்கி நின்று வழி விட்டிருப்பார். அவர் சொன்ன காரணத்தை நீங்கள் நம்பியிருக்கலாம், அல்லது என்னைப்போல நம்பியது மாதிரி இருந்திருக்கலாம். முடிந்தால் ஒரு நாள் நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் வேண்டாம். கையில் ஏதாவது தின்பண்டம் கொண்டு போங்கள், பேச்சு நின்றுபோகும்போது உதவும்.

அண்ணன் இதைப் பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அண்ணே, போளி கூடுதலாகத் தின்ற விஷயத்தை அண்ணியிடம் நான் சொல்லவில்லை. இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன், மன்னிச்சிரு.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்