வட்டிக்கு ஓர் எல்லை

வட்டி வகைகளைப் பற்றி நம் நாட்டில் ஒரு தனி நிகண்டே இயற்றலாம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று பெயர்கள் பெருகியிருப்பதைக் காண்பவர்கள், தமிழில் கலைச் சொற்கள் போதவில்லை என்று ஒரு நாளும் குறை கூறமாட்டார்கள். 2003-ம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் அளவு மிஞ்சிய வட்டியைத் தடுக்கச் சட்டம் செய்தபோது, இப்பெயர்களில் பலவற்றைச் சட்டத்திலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் இலக்கணமும் கூற வேண்டியதாயிற்று.

நம் வீட்டுக்குப் பூக் கொடுக்கும் அம்மாள் தண்டல் கடன் வாங்குகிறவர். கடன் 10,000 ரூபாய் என்று பெயர். கைக்கு வருவது 8,500 ரூபாய். பிறகு தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "இதில் என்ன அநியாயம்? 1,500 ரூபாய்தானே வட்டி!" என்று கேட்டார், கணக்கில் கெட்டிக்காரரான நம் நண்பர் ஒருவர். அவருக்கு ஒரு காகிதமும் பென்ஸிலும் கொடுத்தோம். 8,500 ரூபாயும் 100 நாளும் அந்த அம்மாள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அசல் கரைந்து வருகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருப்பது 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டியென்றால், வருஷத்துக்கு நூற்றுக்குச் சுமார் 129 ஆகிறது. நண்பர் பென்ஸிலைக் கீழே வைத்துவிட்டு, காப்பி ஆறிவிட்டதாகச் சொன்னார்.

மழை பெய்து பூ விற்காத நாளில் தவணை தவறினால், அதற்கு அபராதம் வேறு. நூறு நாள் முடியுமுன் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் எழுதுவதும் உண்டு. "பாங்கியிலே கேட்டுப் பார்க்கக் கூடாதா, அம்மா?" என்று கேட்டோம். 2020-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தெரு வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் 10,000 ரூபாய் கடன் கிடைக்கும்படி ஒரு திட்டம் ஆரம்பித்ததையும் எடுத்துச் சொன்னோம்.

"கேட்டேனுங்க. வியாபாரின்னு சீட்டுக் கொண்டா, அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு நாலு நாள் அலைஞ்சேன். நாலு நாள் பூ வாடிப் போச்சு. இவரு விடியக்காலம் நாலு மணிக்கு மார்க்கெட்டு வாசல்லே பணத்தோட நிக்கிறாரே!" என்றார்.

இந்தப் பதிலில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. வட்டிக்காரர் விற்பது பணத்தை மட்டுமல்ல, நேரத்தையும் விற்கிறார். சட்டம் அவரை அப்புறப்படுத்தலாம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அந்த இடத்தில் வேறு யார் நிற்பார்கள் என்பதையும் சட்டம் செய்பவர்கள் யோசிக்க வேண்டும். யோசிக்காவிட்டால் அவர் மார்க்கெட் வாசலை விட்டு அடுத்த சந்துக்குப் போவார். அபாயத்துக்கென்று வட்டியையும் ஏற்றுவார்.

அதற்காக எல்லையே வேண்டாம் என்று சொல்லுகிறவர்களின் கட்சியில் நாம் சேர மாட்டோம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை 1938-ல் விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை நிலுவையாய் நின்ற வட்டி முழுவதையும் அது தள்ளிவிட்டது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அத்தகைய கடனே தீர்ந்தது. இனிமேல் வட்டி நூற்றுக்கு ஆறே காலுக்கு மேல் போகக் கூடாது என்றும் விதித்தது. இரு மடங்கு என்ற இந்த அளவு நமது பழைய தர்ம சாஸ்திரத்தை ஒட்டியது. வட்டி அசலை மிஞ்சக் கூடாதென்ற அந்த விதியைத் 'தாம்துபத்' என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2015 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் சம்பளத்துக்கு முன்கடன் கொடுக்கும் கம்பெனிகளை அடக்கப் புகுந்தபோது, அவர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.8-க்கு மேல் வாங்கக் கூடாது. வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்தாலும் அசலுக்கு மேற்படக் கூடாது. முதல் விதி தாராளமானதுதான்; நம் தண்டல்காரர் அதைக் கண்டு அஞ்ச மாட்டார். இரண்டாவது விதிதான் பிடியானது. கடன் எவ்வளவு நீண்டாலும் அதற்கு ஒரு கரை உண்டு என்று ஏழைக்குச் சொல்லுவது அதுவே.

இங்கே ரிஸர்வ் பாங்கி 2011-ல் சிறு கடன் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 26 என்று எல்லை வைத்தது. பிறகு அதைப் பல விதமாய் மாற்றி, 2022-ல் வட்டியைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம், ஆனால் அது கொடிய வட்டியாய் இருக்கக் கூடாது என்று விட்டுவிட்டது. எது கொடியது என்பதற்கு எண் இல்லை. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்ற நல்ல விதியும் அதே வருஷம் வந்தது. டெலிபோன் மூலம் கடன் கொடுப்பவர்கள், கடன்காரருடைய சிநேகிதர் உறவினரின் விலாசப் பட்டியலில் கை வைக்கக் கூடாதென்றும் 2022-ல் உத்தரவாயிற்று. அதற்கு முன்பு அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மானத்தை வாங்கிய கொடுமைகளைப் படித்த கௌரவமான குடும்பங்கள் பலவும் அறியும்.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் சாட்சியாயிற்று. கந்து வட்டித் தொல்லையைப் பற்றி மனுக் கொடுத்துப் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளியும், மனைவியும், இரு சிறு பெண் குழந்தைகளும் அந்த வளாகத்தில் தீக்கிரையானார்கள். அப்போது 2003-ம் வருஷத்துச் சட்டத்துக்கு வயது பதினாலு. கந்து வட்டிக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் அதில் இருந்தன.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேயர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. தண்டல்காரர் கையில் புரளும் முதல் எல்லாம் அவருடையதல்ல. பென்ஷன் பணம், சீட்டுப் பணம், பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்தது என்று மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு அவரிடம் கொடுத்து வைப்பவர்கள், நம்மைப் போல் வாரப் பத்திரிகை படிக்கும் குடும்பங்களில் இல்லையென்று சத்தியம் செய்ய முடியுமா? "பாங்கியில் என்ன கொடுக்கிறான்?" என்று ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பேசுகிற அந்தப் பணம்தான், விடியற்காலையில் மார்க்கெட் வாசலில் நிற்கிறது.

நாம் கேட்பது அதிகமில்லை. கழிவு, கட்டணம், அபராதம் யாவும் சேர்த்து வருஷ வட்டி இவ்வளவு என்று தமிழில் ஒரே எண்ணாக எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் கடனிலும் மொத்த வசூல் அசலின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. கூட்டுறவுச் சங்கங்கள் மார்க்கெட் நேரத்தில் மார்க்கெட்டிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார வேண்டும். மூன்றாவதுதான் சிரமமானது, ஆகையால் அதையே முதலில் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் செய்யக் கூடியது ஒன்றுண்டு. 2003-ம் வருஷத்துச் சட்டப்படி, கடன் வாங்கியவர் பாக்கியையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் கோர்ட்டில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம். பூக்கார அம்மாளுக்கு இது தெரியாது. அவருக்கு மனு எழுதிக் கொடுக்க நாம் ஒரு வக்கீலைக் கேட்டிருக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.