மூன்று விலை, ஒரே அத்தி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குப் போகும் வழியில் ஒரு நாற்றுப்பண்ணை. அங்கே சீமை அத்திக் கன்றுக்கு மூன்று விலை சொன்னார்கள்: 80 ரூபாய், 200 ரூபாய், 350 ரூபாய். மூன்றும் முழங்கால் உயரம். மூன்றிலும் மடல் பிரிந்த அதே இலை, தொட்டால் அதே சொரசொரப்பு. எதற்கு இந்த வித்தியாசம் என்று கேட்டேன். தரையில் உட்கார்ந்து கவரில் மண் நிரப்பிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "அது கட்டிங், இது பதியன், அந்தாண்ட இருக்கறது ஒட்டு. மரம் ஒண்ணுதான் சார். பொறந்த வழிதான் வேற."

வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்த வழியைக் கேட்பதே இல்லை என்றார் பண்ணைக்காரர். பழம் பெரிதாக வருமா, சீக்கிரம் காய்க்குமா, உள்ளே பூச்சி இருக்குமா என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. பூச்சி பயம் நாட்டு அத்தியால் வந்தது. நாட்டு அத்திப் பழத்தைப் பிட்டால் பொடிக் குளவிகள் பறக்கும். அவை இல்லாவிட்டால் அந்த மரத்துக்கு மகரந்தச் சேர்க்கை கிடையாது. சீமை அத்தி வேறு இனம். அதற்கென்று உள்ள குளவி மேற்காசியாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் வாழ்வது, புதுச்சேரிக் கடற்கரையில் இல்லை. இங்கே விற்கும் பூனா அத்தி, பிரவுன் டர்க்கி, டயானா எல்லாம் குளவியின் உதவி இல்லாமலே காய்க்கிற வகைகள். ஆகவே பயம் வேண்டாம். ஆனால் எந்தக் கன்றை வாங்கக் கூடாது என்று முடிவு செய்ய இந்தக் குளவி உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கட்டிங். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் தாய்ச்செடிகளைக் கவாத்து செய்கிறார்கள். வெட்டி விழும் கொம்புகள்தான் கச்சாப்பொருள். பச்சைக் கொம்பு ஆகாது, அழுகிவிடும். பட்டை பழுப்பேறி, பென்சிலுக்கும் கட்டைவிரலுக்கும் இடைப்பட்ட பருமனில் இருக்கும் கொம்பை எடுத்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குகிறார்கள். துண்டுக்கு நாலைந்து கணு. அடியில், கணுவை ஒட்டிக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, மேலே நேர்வெட்டு. நூறு குச்சிகளைக் கட்டாகக் கட்டிப் போட்ட பிறகும் எது தலை, எது கால் என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இப்படி. தலைகீழாகச் சொருகிய குச்சி உருப்படாது.

வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடிகிறது. அந்தப் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும்பும். பாலிலும் இலையிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் சூரியஒளி பட்டதும் தோலைச் சுடுகின்றன. வேதியியல் தெரியாமலே இங்கே குச்சி வெட்டும் பெண்கள் இதை அறிந்திருக்கிறார்கள். வெட்டு வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெயை முழங்கை வரை தடவிக்கொள்கிறார்கள். கையுறை போட்டால் என்ன என்று கேட்டதற்கு, "கணு தெரியாது சார், வெரலுக்குத்தான் தெரியும்" என்றார் அந்த அம்மா. அவர் முன்கையில் கருந்தழும்புகள் இருந்தன. விரல் நுனியை விட்டுவிட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூடும் துணி உறை தைப்பது பெரிய செலவில்லை. கூலிக்குக் குச்சி வெட்டுகிறவர்களுக்கு அதைக்கூடத் தராமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

பால் நின்ற குச்சிகளை வேர் வரவைக்கும் பொடியில் தோய்த்து, மணல் தூக்கலாக இருக்கும் கலவையில் சொருகுகிறார்கள். தொழுஉரம் அதிகமானால் வேர் வருமுன் அடி அழுகும். இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும், மேலே ஒன்றிரண்டு நின்றால் போதும். பிறகு நிழல்வலை, அளவான தண்ணீர். முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அத்திக்குச்சியிடம் ஒரு வஞ்சகம் உண்டு. வேர் விடுமுன்பே அது இலை விடும்.

கன்று வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். குச்சிக்குள் சேமித்து வைத்த மாவுச்சத்து இருக்கிறது. சூடும் ஈரமும் கிடைத்ததும் மொட்டு அதைத் தின்று தளிர்க்கிறது. பச்சைப்பசேல் என்று மூன்று நான்கு இலை வந்துவிடும். அடியில் ஒரு வேர்கூட இருக்காது. அந்த நிலையில் வாங்கிப்போய் மாடியில் வைத்தால் சில நாளில் இலை துவண்டு குச்சி சுருங்கிவிடும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்வார். விவரம் தெரிந்த பண்ணையில் முதல் தளிருக்கு மயங்க மாட்டார்கள். வேர் பிடிக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். கவரில் வேர் நிறைந்து விற்பனைக்கு வர மேலும் சில மாதம். கவரைப் பக்கவாட்டில் அழுத்தினால் மண் ஒரு கட்டியாக நிற்க வேண்டும். அடித்துளை வழியே வெளிர்வேர் எட்டிப் பார்க்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது தவறு, இருக்கிற இளவேரும் அறுந்துவிடும். அந்த அம்மா கவரை உள்ளங்கையில் ஏந்தி, மற்றக் கையால் தண்டை மெல்ல ஆட்டிக் காட்டினார். வேர் பிடித்த கன்றில் மண்ணும் சேர்ந்து ஆடியது. பிடிக்காததில் குச்சி மட்டும் ஆடியது.

200 ரூபாய்ப் பதியன் கட்டுவது ஓர் இளைஞரின் வேலை. தாய்மரத்தில் நிற்கும் கொம்பிலேயே ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரிக்கிறார். உள்ளே வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தியால் சுரண்டிவிடுகிறார். அது மிச்சமிருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. ஈரத் தேங்காய் நார்க்கழிவை அந்த இடத்தில் பொத்தி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரு முனையையும் இறுக்கிக் கட்டுகிறார். இலை செய்த உணவு கீழே இறங்க முடியாமல் அங்கே தேங்கி, வேராக மாறுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் தாள் வழியாக வெள்ளை வேர் தெரியும். "வெள்ளையா இருக்கும்போது அறுக்கக் கூடாதுண்ணா. கொஞ்சம் பழுப்பாகணும்" என்றார். அறுத்த பிறகு நிழலில் சில வாரம் தேற்ற வேண்டும். அவசரத்துக்கு அறுத்துக் கவரில் வைத்து மறுநாளே விற்கும் பதியன்தான் வீட்டில் போய்ச் சாகிறது.

பதியனுக்கு விலை ஏன் கூடுதல் என்பது பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். நான்கு கட்டிங் தரக்கூடிய ஒரு கொம்பு இங்கே ஒரே கன்றாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறி நின்று கட்ட வேண்டும். பலன், முதிர்ந்த கொம்பானதால் அந்த ஆண்டே காய் பார்க்கலாம். ஆனால் கட்டிங்கும் முதிர்ந்த மரத்தின் துண்டுதான். நன்றாக வளர்ந்தால் இரண்டாம் ஆண்டுக்குள் அதுவும் காய்க்கும். சில மாதப் பொறுமைக்கு 120 ரூபாய் என்பது என் கணக்கில் அதிகம்.

350 ரூபாய் ஒட்டுக்கன்று இங்கே செய்வதில்லை. கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. தென்னிந்தியாவின் சாலையோர நாற்றுப்பண்ணைகள் பலவற்றின் சரக்குக்கு ஊற்று அந்த ஊர்தான். நாட்டு அத்தி நாற்றின் மேல் சீமை அத்தியை ஒட்டியிருக்கிறார்கள். மணற்பாங்கான மண்ணில் சீமை அத்தியின் பெரிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. நாட்டு அத்தியின் வேர் அதைத் தாங்கும். புதுச்சேரி நகரமோ கடல் மணல்மேல் உட்கார்ந்த ஊர். மண்ணில் நட்டு மரமாக வளர்க்க இடம் உள்ளவர்களுக்கு ஒட்டுக்கன்று விலைக்குத் தகுதியானது. ஆனால் நாட்டு அத்தி பெருமரம். சாக்கடையும் சுவரும் ஒட்டிய குறுகிய மனையில் அதன் வேரை இறக்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து நீண்ட, மடல் பிரியாத இலையோடு ஒரு கிளை வந்தால் உடனே கிள்ள வேண்டும். விட்டால் மேலே உள்ளதை அமுக்கிவிட்டு நாட்டு அத்தியே நிற்கும்.

இனி விதைக்கன்று. சில இடங்களில் கட்டிங்கைவிட மலிவாகக் கிடைக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் ஊரில் காய்க்கும் அத்திப்பழத்தில் விதை வெறும் உமி, முளைக்காது. குளவி வராததால் கருவே உருவாகவில்லை. ஆக முளைக்கிற விதை, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி பக்கமிருந்து வந்து குபேர் அங்காடியில் மாலையாகத் தொங்கும் உலர்பழத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த நாற்றுகளில் ஏறக்குறையப் பாதி, தின்ன உதவாத ஆண் அத்தியாகும். மீதிப் பெண்மரங்களில் பெரும்பாலானவை குளவிக்காகக் காத்திருந்து காயைப் பிஞ்சிலேயே உதிர்க்கும். பல ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் இது தெரியவரும்.

கலிபோர்னியாக்காரர்கள் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்தார்கள். 1880-களில் சான் பிரான்சிஸ்கோவின் 'புல்லட்டின்' பத்திரிகை துருக்கியின் ஸ்மிர்னா அத்திக் குச்சிகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்துச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. மரங்கள் செழித்தன, காய்கள் உதிர்ந்தன. துருக்கியர் ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். 1899-இல் குளவியைக் கொண்டுவந்து நிலைநிறுத்திய பிறகே பழம் உதிராமல் மரத்தில் நின்றது. ஆகவே கட்டிங்காக இருந்தாலும் ஸ்மிர்னா வகை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் புதுச்சேரியில் வாங்க வேண்டாம்.

குச்சி ஒடித்து நடுவது ஏழைகளின் குறுக்குவழி என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. ஆனால் அதன் வயதைப் பாருங்கள். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் 11,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய, கரிந்த அத்திப்பழங்கள் கிடைத்தன. அவை விதை முளைக்காத வகை, ஆகவே மனிதர் குச்சி நட்டுத்தான் வளர்த்திருக்க வேண்டும் என்று 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மறுப்பவர்களும் உண்டு. ஆய்வாளர்கள் எழுதியது சரியென்றால் கோதுமைப் பயிர்த்தொழிலுக்கும் மூத்தது இந்த அம்மாவின் கைவேலை.

புதுச்சேரிக்கும் செடியைக் கடல்தாண்டி உயிரோடு கொண்டுபோகும் கலைக்கும் பழைய உறவு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்றும் நகருக்குள் இருக்கிறது. அதில் பணியாற்றி 1870-இல் இங்கேயே மறைந்த பெரோத்தே, இளவயதில் ஜாவா, பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து கப்பல் நிறையச் செடிகளை பூர்போன் (இன்றைய ரியூனியன்) தீவுக்கும் தென்னமெரிக்காவின் கயேனுக்கும் கொண்டுசேர்த்த தோட்டக்காரர். அத்தியைத் தொட்டியில் வளர்க்கும் வழக்கமும் பிரான்சில் பழையது. பதினான்காம் லூயியின் தோட்டக்காரர் லா கெந்தினி, வெர்சாய் அரண்மனையில் அத்தியை மரப்பெட்டிகளில் வளர்த்துக் குளிர்காலத்தில் உள்ளே நகர்த்தினார். அங்கே பகை குளிர். இங்கே பகை மழை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அத்திக்குக் காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. வேர் அழுகும், ஈரக்காற்றில் இலையில் துருநோய் பரவும். தொட்டியென்றால் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடலாம். நகருக்குள் மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு அதனால்தான் 80 ரூபாய்க் கட்டிங்கைப் பரிந்துரைப்பேன். புது மண்ணும் உரமும் கலந்த தொட்டியில் நூற்புழுவும் அவ்வளவு தொல்லை தராது.

ஆனால் ஒரு நிபந்தனை. தாய்மரம் தெரிய வேண்டும். கட்டிங்கில் தாயின் குணம் அப்படியே வருவதுபோலத் தாயின் நோயும் வரும். இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டு இருந்தால் தேமல் நச்சுயிரியாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, அதிலிருந்து வெட்டும் ஒவ்வொரு குச்சியும் அதைச் சுமக்கும். இந்தப் பண்ணையில் தாய்மரங்கள் பின்னால் செம்மண்ணில் நின்றன, போய்ப் பார்த்தேன். இலை சுத்தமாக இருந்தது. எந்த வரிசை எந்த மரத்திலிருந்து, எந்த மாதம் சொருகியது என்று அந்த அம்மா பிளாஸ்டிக் பட்டையில் மார்க்கரால் எழுதி வரிசைக்கு ஒன்றாகக் குத்தி வைத்திருக்கிறார். கன்று விற்றுப்போகும்போது பட்டை வரிசையிலேயே நின்றுவிடுகிறது. கவரோடு கட்டிக் கொடுத்தால் என்ன என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன். யாரும் கேட்பதில்லை என்றார்.

கேட்கும் பழக்கத்தைத் தொடங்கி வைக்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. வேளாண் துறை ஆண்டுதோறும் தாவரவியல் பூங்காவில் நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சியில் கடை போடும் பண்ணைகளுக்குத் தாய்மரம், முறை, மாதம் என்ற மூன்று விவரமும் எழுதிய பட்டையைக் கட்டாயமாக்கலாம். பட்டைக்குச் செலவு சில பைசாக்கள். எழுத வேண்டியதெல்லாம் மண் நிரப்பிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தை மாதம் சொருகிய வரிசையிலிருந்து ஒரு கன்று எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா அதற்குரிய பட்டையைப் பிடுங்காமல் புதிதாக ஒன்று எழுதிக் கவரில் குத்திக் கொடுத்தார். ஒரு வாரம் நிழலில் வைக்கச் சொன்னார். அப்புறம் காலை வெயில், பெரிய தொட்டி, அடுத்த தையில் முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு.