அடித்தண்ணீரை நான் பார்க்கவில்லை

பாசனப் பொறியாளராகச் சம்பளம் வாங்கிய காலத்தில், ஒரு கடைமடை சட்ரஸை, அதாவது ஆற்றுத் தண்ணீரை மறிக்கும் பலகை மதகை, இறங்கிச் சோதிக்காமலே ஆய்வுப் பதிவேட்டில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறை செய்த தவறு என்றால் மறதி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். வருஷா வருஷம் செய்தேன். அதனால் சில கிராமத்து வயல்களில் உப்பு ஏறியது. பணி ஓய்வு பெறும்வரை இதை யாரிடமும் சொல்லவில்லை.

காவிரி டெல்டாவின் வெண்ணாற்றுப் பாசனத்தில் பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா, அடப்பாறு என்று ஆறுகள் கிழக்கே போகப்போக நிலம் தட்டையாகிவிடும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத வயல்கள் அங்கே ஏராளம். அலை ஏறும்போது கடல்தண்ணீர் ஆற்றுக்குள் எதிரேறி வரும். அதை மறிப்பது கடைமடையில் நிற்கும் சட்ரஸ்தான். வெள்ளம் வந்தால் பலகையைத் தூக்கித் தண்ணீரை வடிய விட வேண்டும். மற்ற நாட்களில் இறக்கி, நல்ல தண்ணீரை ஆற்றில் தேக்கி வைக்க வேண்டும். இப்படித் தேங்கும் தண்ணீர் மண்ணுக்கடியிலும் உப்பைத் தள்ளிப் பிடிக்கும். மணற்பாங்கான கடலோர நிலத்துக்குப் பொறியாளர்கள் படிக்கும் கணக்கு ஒன்று உண்டு: நிலத்தடி நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே 40 அடி போய்விடும். பரீட்சையில் இதைச் சரியாக எழுதித் தேறியவன் நான்.

அந்த சட்ரஸுக்கு ஜீப்பில் போவேன். பாலத்தின் மேல் நின்று பார்ப்பேன். தண்ணீர் கரை தொட்டு நிற்கும். பலகை இறங்கியிருக்கும். படியிறங்கி அடிப்பலகையைத் தொட்டுப் பார்த்ததில்லை. சில வருஷம் பாலம்வரைகூடப் போகவில்லை. சட்ரஸைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கரைக் கேட்டு எழுதினேன். பலகையை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டில் கிரீஸ் காய்ந்து துரு உதிர்ந்துகொண்டிருந்தது. பலகையின் அடியில் தரையோடு ஒட்ட வேண்டிய ரப்பர் பட்டை எப்போதோ போய்விட்டது. தண்டு இறுகிப்போனதால் பலகை முழுசாக இறங்காமல், அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டே நின்றது.

பெரியவர் ஒருவர்தான் இதை எனக்குக் காட்டினார். சம்பா நட்டு, பயிர் நுனி கருகத் தொடங்கிய சமயம். “சார், மேல மோந்தா நல்ல தண்ணிதான். அடியில மோந்து பாருங்க” என்றார். ஒரு பாட்டிலை மூங்கில் கழியில் கட்டி, வாயில் செருகிய துணியில் நூல் கட்டி, தரையில் முட்டியதும் இழுத்துத் திறந்தார். என் கையில் ஊற்றினார். நாக்கில் வைக்க முடியவில்லை. உப்புத்தண்ணீர் கனமானது, ஆற்றின் தரையோடு ஊர்ந்து வரும். அந்த இடைவெளி இருந்த இடமும் அதுதான். மேலே நின்று பார்த்தவனுக்கு எதுவும் தெரியாது.

அவரிடம் “மேலே எழுதுகிறேன்” என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்து இருப்பதை அவரிடம் சொல்லும் தைரியம் வரவில்லை.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பராமரிப்புக்குக் கேட்ட தொகையை வருஷந்தோறும் வெட்டினார்கள். வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்து, கேட்பதையே விட்டுவிட்டேன். பழுது என்று எழுதினால் ‘ஏன் சரிசெய்யவில்லை’ என்று விளக்கம் கேட்பார்கள். நல்ல நிலை என்று எழுதினால் கேள்வி இல்லை. நான் லஞ்சம் வாங்கவில்லை என்ற நினைப்பில் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் நல்ல நிலையில் இருப்பதாகப் பொறியாளரே எழுதிக்கொடுத்த சட்ரஸுக்கு எந்த அரசு பணம் ஒதுக்கும்? ஒதுக்காமல் இருப்பதற்கான ஆதாரத்தை என் பேனாதான் எழுதிக்கொடுத்தது.

பராமரிப்புக்குப் பணம் வராத அதே பகுதிக்குப் பின்னால் பெரிய பணம் வந்தது. வெண்ணாற்று வடிநிலத்தில் கடல்மட்ட உயர்வையும் வெள்ளத்தையும் எதிர்கொள்ளும் வேலைகளுக்காக 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கரையை உயர்த்தவும் பழைய சட்ரஸ்களைப் புதுப்பிக்கவும் அப்படிப்பட்ட பணம் வேண்டியதுதான். நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் கடன் பணம் கட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடும். அதன் பிறகு கிரீஸும் ரப்பரும் லஸ்கர் சம்பளமும் மாநிலத்தின் வருடாந்திர நிதியில் இருந்துதான் வர வேண்டும். உப்புக்காற்றில் புது இரும்பும் துருப்பிடிக்கும். நான் பொறுப்பில் இருந்த சட்ரஸுக்குச் சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை, கடைசியில் பலகையையே மாற்றும் செலவாக வந்து நின்றது. அதற்குள் அந்த வயல்களில் சில தரிசாகிவிட்டன.

இன்று அந்தப் பொறுப்பில் இருக்கும் இளம் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பணம் வராது என்று தெரிந்தாலும் பழுதைப் பழுது என்றே எழுதுங்கள். கடைமடை விவசாயிகளே, உங்கள் ஊர் சட்ரஸின் பராமரிப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், ஆய்வுப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். கிராம சபையில் அதை எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் படியிறங்கிப் போயிருப்பேன்.