மணல் தூவும் கைகள்

டார்ஜிலிங் மலை ரயிலின் கரி எஞ்சினுக்கு முன்னால், பஃபர் பலகையின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் பெட்டியிலிருந்து மணலை அள்ளித் தண்டவாளத்தின் மேல் தூவுவது அவர்கள் வேலை. கரித்தொட்டியின் மேல் இன்னொருவர் பெரிய கரிக்கட்டிகளை உடைத்துக்கொண்டிருப்பார். டிரைவரும் ஃபயர்மேனும் தனி. நாலே நாலு சக்கரம் உள்ள எஞ்சினுக்கு இத்தனை ஆட்களா என்றுதான் முதலில் நினைத்தேன். கூம் நிலையம் வரை அதில் போய்வந்த பிறகு, இவர்களில் யாரை இறக்கிவிட்டாலும் வண்டி ஏறாது என்று புரிந்தது.

'பி' வகுப்பு என்று ரயில்காரர்கள் சொல்லும் எஞ்சின் இது. 1889இல் கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டூவர்ட் தொழிற்சாலை இவற்றைச் செய்யத் தொடங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் 34 எஞ்சின்கள் வந்தன. சில அமெரிக்காவின் பால்ட்வின் செய்தவை, மூன்று அந்த மலையிலேயே திந்தாரியா பணிமனையில் உருவானவை. பாதையின் அகலம் இரண்டடி. பின்னால் தனியாகக் கரிவண்டி கிடையாது. அதனால் தண்ணீரை எஞ்சினே சுமக்கிறது. பாய்லரின் முதுகில் சேணம்போல் ஒரு தொட்டி, சட்டங்களுக்கு நடுவே கீழே இன்னொரு தொட்டி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எஞ்சினின் எடை முழுவதும் அந்த நாலு சக்கரங்களின் மேல்தான் விழுகிறது. கரியும் தண்ணீரும் சேர்ந்து அழுத்த அழுத்தத்தான் தண்டவாளத்தில் பிடி கிடைக்கும். ஏற ஏறத் தண்ணீர் குறைகிறது, பிடியும் தளர்கிறது. நம் நீலகிரிப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் கைகொடுக்கும். டார்ஜிலிங்கில் அது கிடையாது. 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய இந்தப் பாதை சுற்றியும், முன்னும் பின்னுமாக நகர்ந்தும் 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூமை அடைகிறது. மேகம் இறங்கித் தண்டவாளம் நனைந்துவிட்டால் வழுக்காமல் ஏற ஒரே துணை மணல்தான்.

மழை நாளில் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கேட்டேன். மணல் காய்ந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் கையிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றார். எப்போது தூவ வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்றதற்கு, எஞ்சினின் மூச்சு மாறுமே என்றார். அது எந்தக் கையேட்டிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1999இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பிறகு பாதுகாப்பு என்றால் எல்லோரும் எஞ்சினையும் நிலையங்களையும்தான் நினைக்கிறார்கள். தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் 777 என்ற எண்ணுள்ள 'பி' வகுப்பு எஞ்சின் நிற்கிறது. அழகாகவே இருக்கிறது. ஆனால் அதன் முன் பலகையில் யாரும் இல்லை. ஓடாத எஞ்சினைப் பாதுகாக்கப் பெயின்ட்டும் கூரையும் போதும். ஓடும் எஞ்சினுக்குப் பாய்லர் குழாய் மாற்றத் தெரிந்தவர் வேண்டும், பழைய பாகத்தை அளந்து புதிதாக வார்க்கத் தெரிந்தவர் வேண்டும், அடுப்பில் கரியை எங்கே எவ்வளவு பரப்புவது என்று அறிந்த ஃபயர்மேன் வேண்டும்.

அங்கேதான் என் கவலை. அடிவாரத்திலிருந்து டார்ஜிலிங் வரை போகும் வண்டியை இப்போது டீசல் எஞ்சின் இழுக்கிறது. கரி எஞ்சின் பெரும்பாலும் டார்ஜிலிங்கிலிருந்து கூமுக்குப் போய்த் திரும்பும் சுற்றுலாச் சவாரிக்குத்தான். 2010இல் பாக்லா ஜோராவில் மலை சரிந்து பாதை அறுந்தது. முழுப் பாதையும் மறுபடி இணைய 2015 டிசம்பர் ஆகிவிட்டது. கீழ்மலையின் நீண்ட ஏற்றங்களில் நீராவியைப் பழக்கும் வித்தை, சில கிலோமீட்டர் சவாரியில் வளராது. வாரம் ஒரு முறையாவது கரி எஞ்சின் சிலிகுரியிலிருந்து முழு மலையும் ஏற வேண்டும் என்பேன். செலவாகும்தான். அந்தச் செலவையே பாதுகாப்பின் முதல் செலவாக எழுத வேண்டும்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2000களின் தொடக்கத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனை டார்ஜிலிங்குக்காக எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களைக் கட்டியது. அவை அங்கே நிலைக்கவில்லை, கிழட்டுக் கரி எஞ்சின்களே தொடர்ந்தன. ஆனால் பொன்மலை கைவிடவில்லை. நீலகிரியின் மீட்டர் கேஜ் பாதைக்காக எண்ணெய் எஞ்சின்களைச் செய்தது, 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து முடித்தது. கரி எஞ்சின்களின் காலம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பாய்லரை முதலிலிருந்து கட்டக் கற்றவர்கள் இன்று திருச்சியில் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் திந்தாரியாவிலிருந்து இளைஞர்களைப் பொன்மலைக்கும், பொன்மலையிலிருந்து ஆட்களைத் திந்தாரியாவுக்கும் மாற்றி அனுப்பும் ஏற்பாட்டை ரயில்வே இப்போதே தொடங்கலாம்.