அரைக் கட்டை

மைக்செட்காரர் சனிக்கிழமை நாலு மணிக்கே வந்துவிட்டார். ஆம்ப்ளிஃபையரைச் சுவரோரம் இறக்கி வைத்து, ஒயரைத் தூணைச் சுற்றிக் கொண்டுபோனார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எந்த பிளக் ஆடும், எந்த ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மார்கழி பிறந்து முதல் சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. திண்டுக்கல்லில் மிஷன் காலத்துத் தேவாலயம் ஒன்றில் கொயர் பிராக்டிஸ். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். யார் என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ சிறுமியைக் கூட்டிப்போக வந்த சித்தப்பா என்று நினைத்திருப்பார்கள்.

சொப்ரானோவில் பதினொரு பேர். ஆல்டோவில் நாலு பேர், அதில் இருவர் அக்கா தங்கை. டெனர் மூன்று. பாஸ் ஒரே ஆள். பூட்டுப் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண்ணில் பித்தளைத் தூள் மினுங்கியது. கீபோர்டில் மீசை அரும்பும் பையன். நடுவில் வாத்தியார், ரிட்டயர் ஆன பள்ளி ஆசிரியர், கையில் பென்சில்.

அந்தக் கையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரல் பாட்டு என்றால் பென்சில் காற்றில் நாலு மூலைக்கும் போய் வருகிறது. அது முடிந்து கீர்த்தனை என்று சொன்னதும் பென்சில் காதுக்கு ஏறிவிடுகிறது. கை தொடைக்கு இறங்கி, சுண்டுவிரலில் தொடங்கி எண்ணி, புரட்டிப் போட்டு ஆதி தாளம் போடுகிறது. இரண்டுக்கும் நடுவே அவர் மூச்சுகூட விடவில்லை.

கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான பாட்டுகளுக்குத் தலைக்கு மேலே ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் இந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சுக்குக் கொண்டுவந்தார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகள் அதில் நிறைய. பக்கத்திலேயே பாமாலைப் புத்தகம். அது வெள்ளைக்காரர் மெட்டு. ஞாயிறு ஆராதனையில் இரண்டும் மாறி மாறி வரும். ஆனந்த பைரவி என்று மேலே போட்டிருப்பதை இந்த ஆல்டோ அக்கா ஒருநாளும் வாசித்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் காந்தாரத்தை நெளித்து இறக்குகிறார் பாருங்கள், கீபோர்டுப் பையன் கட்டையை அமுக்கிவிட்டுப் பேந்தப் பேந்த விழிக்கிறான். அவன் கட்டையில் அந்த நெளிவு இல்லை.

ஆறரைக்குக் கரண்ட் போயிற்று.

கேரலின் நடுவே. கீபோர்டு சட்டென்று செத்தது, மைக்கும் செத்தது. வாத்தியார் பென்சிலை நிறுத்தவில்லை, அதனால் இவர்களும் நிறுத்தவில்லை. இருட்டில் முதல் நாலு அடி சரியாகப் போனது. அப்புறம் அக்கா தங்கை இருவரும், யாரும் சொல்லாமலே, சொப்ரானோ மெட்டுக்குச் சாய்ந்தார்கள். டெனர் மூவரும் ஒரு ஸ்தாயி கீழே அதே மெட்டு. பாஸ்காரர் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தார். அடுத்த சரணத்தில் அவரும் வந்து சேர்ந்துவிட்டார். நாலு வழியாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு ஒரே வழியாயிற்று. யாரோ செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்கள்.

பத்தொன்பது பேர், ஒரே மெட்டு, மைக் இல்லை. அந்தச் சாயங்காலம் முழுக்க நான் கேட்டதில் பலமான பாட்டு அதுதான்.

கரண்ட் வந்தது. பையன் ஆர்வமாகக் கட்டையை அமுக்கினான். கொடுமை! இவர்கள் அரைக் கட்டை இறங்கிப் போயிருந்தார்கள். இருட்டில் சுருதி இறங்கியது ஒருவருக்கும் தெரியவில்லை, சேர்ந்தே இறங்கியதால். வாத்தியார் பென்சிலைத் தாழ்த்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “டேய் தம்பி, நீ எறங்கி வாடா” என்றார். பையன் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டினான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எனக்கு ஆபிரகாம் பண்டிதர் ஞாபகம் வந்தார். 1859-ல் சாம்பவர் வடகரையில் பிறந்தவர், ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தது இந்தத் திண்டுக்கல்லுக்கு. படித்த பள்ளியிலேயே வாத்தியாரும் ஆனார். சங்கீதம் கற்றுக்கொண்டது இங்கே சடையாண்டிப் பத்தரிடம். அப்புறம்தான் தஞ்சாவூர், மூலிகை வைத்தியம், 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம், அது கூட்டிய மாநாடுகள், 1917-ல் அந்தத் தலையணைப் புத்தகம் ‘கருணாமிர்த சாகரம்’ எல்லாம். ஸ்தாயிக்கு 22 சுருதி என்று ஊரே சொல்ல, 24 என்று கணக்குப் போட்டு நின்ற மனிதர். மேல்நாட்டு இசையும் படித்தவர். சுருதியை அப்படி அளந்தவர் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த அரைக் கட்டைக்கு முகம் சுளித்திருப்பாரா? அவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தானே. பையனைத்தான் இறங்கி வரச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

மறுநாள் விடியற்காலம் நாகல்நகர். சிறுமலைப் பக்கமிருந்து பனி. கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ. சௌராஷ்டிரத் தெருக்காரர்கள் பஜனை போய்க்கொண்டிருந்தார்கள்: ஜால்ரா, தோளில் தொங்கும் மிருதங்கம், குல்லாவும் மஃப்ளருமாய் இருபது பேர். தியாகராஜரின் சீடர், அவர் கீர்த்தனைகளைக் காப்பாற்றிக் கொடுத்த வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் இவர்கள் சமூகத்தவர்தான். முன்னால் போகிறவர் ஒரு வரி சொல்ல, பின்னால் வருகிறவர்கள் அதே வரியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இங்கே சுருதிக்குப் பெட்டியும் இல்லை, கட்டையும் இல்லை. முன்னவர் தொண்டை எங்கே இருக்கிறதோ அதுதான் சுருதி. கோவில் வாசலில் நம்ம மைக்செட்காரர், கண் சிவக்க, கூம்பு ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள். சூடு, நெய் தாராளம், மிளகு ஒன்றிரண்டு குறைச்சல்.

சாயங்காலம் கச்சேரி. மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடி. நாற்காலி எழுபது, ஆட்கள் முப்பது. அந்த முப்பதில் பத்து பேர் பாட்டு கிளாஸ் குழந்தைகள், முன்வரிசையில் பட்டுப்பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டே. பாடகி மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த சின்னப் பெண். ஐந்தரைக் கட்டை. பக்கத்தில் மின் சுருதிப் பெட்டி. காற்று திரும்பும்போதெல்லாம் கீழே இருந்து பிரியாணி வாசம்.

மூன்றாம் வரிசையில் ஒரு தாத்தா. மிருதங்கக்காரர் வாத்தியத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையை ஈரப்படுத்தி ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், “எங்க பழனி சுப்புடு இடது கைக்காரரு. பிடில்காரன் எந்தப் பக்கம் ஒக்கார்றதுன்னே தகராறு வருமாம்” என்றார். சுப்புடு என்றால் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவர் போய் அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. தாத்தா நேற்றைக்கு நடந்த மாதிரி சொன்னார்.

வர்ணமும் அடுத்த இரண்டு உருப்படிகளும் சுமார். பெண்ணுக்குப் பயம். தோடி எடுத்த பிறகுதான் தோள் தளர்ந்தது. காந்தாரத்தை அசைத்து அசைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தபோது கீழே தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் வந்துவிட்டது. லோடு ஆட்டோ, டிரம், சீரியல் பல்பு, தாடி கழன்ற கிறிஸ்துமஸ் தாத்தா. ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது. அவர்கள் சுருதி வேறு, இவள் சுருதி வேறு. இரண்டும் சேரவெல்லாம் இல்லை, பல் கூசியது.

அவள் பஞ்சமத்தில் வந்து நின்றாள். நின்றே இருந்தாள். பிடில்காரரும் வில்லை நீட்டி அதே பஞ்சமம். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாராவது எழுந்து மத நல்லிணக்கம் என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்று எனக்கு நடுக்கம். நல்லவேளை, ஒருவரும் எழவில்லை. ஆட்டோ முக்குத் திரும்பியது. டிரம் தேய்ந்து போனதும், நிறுத்திய இடத்திலிருந்து தைவதத்தைத் தொட்டாள். தாத்தா “ம்” என்றார். அன்றைக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

மங்களம் முடிந்தது. சால்வை, பழத்தட்டு, போட்டோ. நாற்காலிகளை மடக்கும் சத்தம். சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்செட்காரர் முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவே ஒயரைச் சுற்றிக்கொண்டே மேடையிலிருந்து என்னை நோக்கி வந்தார். கிட்டத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். இரண்டு நாளில் மூன்றாவது இடம். அடையாளம் தெரிந்துவிட்டது போல. ஏதோ கேட்கப்போகிறார் என்று தயாரானேன்.

“அண்ணே, கொஞ்சம் காலை எடுங்க. ஒயரை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”