உர்ஃபாவில் தோமையாரின் பாட்டு

சென்னைக் கோட்டூர்புரத்துக்காரர்களுக்குச் சின்னமலை கூப்பிடு தூரம். இயேசுவின் சீடர் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை அங்கே, உயிர்விட்டதாகச் சொல்லும் பரங்கிமலை இன்னும் சற்றுத் தள்ளி, கல்லறை சாந்தோமில். ஆனால் அவர் இந்தியச் சிறையில் பாடியதாக எழுதிவைத்த பழம்பாட்டு பிறந்த இடம் துருக்கியின் தென்கிழக்கில் இருக்கும் உர்ஃபா என்பார்கள் அறிஞர்கள். அந்தக் காலத்தில் அதன் பெயர் எடெஸ்ஸா. அந்த ஊரைப் பார்த்தே தீர வேண்டும் என்று போனேன்.

ஊர் நடுவே ஒரு குளம். ஆபிரகாமின் மீன்கள் என்று யாரும் பிடிப்பதில்லை. கரையில் விற்கும் இரையை வாங்கி வீசினால் போதும், கொழுத்த கெண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தண்ணீரே தெரியாமல் மொய்க்கின்றன. நம் தெப்பக்குளத்தில் பொரி போடுவது போலத்தான். அண்ணாந்து பார்த்தால் கோட்டையில் இரண்டு உயரமான கல்தூண்கள். ஒன்றில் ஷல்மாத் என்ற அரசியின் பெயர் சிரியாக் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் தேடிவந்த பாட்டும் அதே மொழிதான்.

3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'தோமாவின் பணிகள்' என்ற நூலில் அது வருகிறது. பாம்பு காக்கும் முத்து ஒன்றைக் கொண்டுவரக் கீழ்த்திசை அரசகுமாரனை எகிப்துக்கு அனுப்புகிறார்கள் பெற்றோர். மணிகள் பதித்த ஆடையைக் கழற்றி வைத்துவிட்டுப் புறப்படுகிறான். அந்நாட்டுச் சோற்றைத் தின்றதும் தான் யார் என்பதையே மறந்து, அந்நாட்டு அரசனுக்கு ஊழியம் செய்கிறான். வீட்டிலிருந்து வரும் கடிதம் கழுகாகப் பறந்துவந்து பேசுகிறது. விழித்துக்கொள்கிறான்; தந்தையின் பெயரைச் சொல்லிப் பாம்பை உறங்கவைத்து, முத்தோடு திரும்புகிறான். எதிரே வரும் ஆடையில், கண்ணாடியில் பார்ப்பதுபோல், தன்னையே காண்கிறான். என்னை உலுக்கிய இடம் அது. ஆன்மா தன் பிறந்தகத்தை மறப்பதும் நினைவு திரும்புவதும்தான் பாட்டின் பொருள். கிறிஸ்துவின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை!

இயற்றியவர் யாரென்று தெரியாது. எடெஸ்ஸாவில் வாழ்ந்த பர்தைசான் என்று சிலர் கருதுகிறார்கள், சான்று போதாது. ஆனாலும் ரோமுக்குப் போன இந்தியத் தூதர்களிடம் கேட்டறிந்து, நம் பிராமணர்களையும் துறவிகளையும் பற்றி எழுதியவர் அவர். கொற்கை முத்து கடல்கடந்து மேற்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. எடெஸ்ஸாவுக்கு இந்தியா வெறும் கட்டுக்கதை அல்ல. தோமையாரின் எலும்புகள் இந்தியாவிலிருந்து அங்கே வந்ததாகவும் நம்பினார்கள். அந்தக் கல்லறையில் வேண்டிக்கொள்ள எகேரியா என்ற பெண் யாத்திரிகர் 384-இல் வந்திருக்கிறார்.

பாட்டு அடங்கிய, 936-இல் படியெடுத்த சிரியாக் சுவடி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வில்லியம் ரைட் 1871-இல் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். 'தோமாவின் பணிகள்' விவிலியத்தில் சேராதது. அதற்காக நாம் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. சிரியாக் படித்த தமிழர் யாராவது மூலத்திலிருந்தே நேராக நல்ல தமிழில் தர வேண்டும். அதுவரை, சின்னமலைக்குப் போகிறவர்கள், எந்த மதத்தவரானாலும், கிடைத்த மொழியில் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.